முடிக்குத் தின்ற மாத்திரை

தைராய்டு இருக்கிறது என்று நம் ஊரில் சொல்வார்கள். கழுத்தில் அந்தச் சுரப்பி எல்லோருக்கும்தான் இருக்கிறது. எனக்கு இருப்பது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். 2018இல் கண்டுபிடித்தார்கள். அப்போது டி.எஸ்.எச். 42. (சுரப்பியை வேலை வாங்க மூளையின் அடியிலிருந்து வரும் ஹார்மோன் அது; சுரப்பி படுத்துவிட்டால் ஏறும், தைராய்டு கூடினால் இறங்கும்.) உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைப் பகையாக நினைத்து அரித்துவிடும் ஹஷிமோட்டோ என்ற வகை. அன்றிலிருந்து, சுரப்பி தர வேண்டிய தைராக்ஸின் ஹார்மோனை மாத்திரையாகச் சாப்பிடுகிறேன். 50இல் தொடங்கி 75 ஆகி, கடைசியில் 100 மைக்ரோகிராமில் நின்றது. சுரப்பி முழுதும் கைவிட்டவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் என்று ஒரு கணக்கு உண்டு. என் எடை அறுபதைச் சுற்றி இருப்பதால் அதுவும் ஒத்துவந்தது. அப்புறம் ஐந்து வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுப்பேன், டி.எஸ்.எச். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கும், காகிதத்தை மடித்து பைலில் வைத்துவிட்டு மறந்துவிடுவேன். இங்கே எழுதுவது 2023 ஆடியில் தொடங்கி அடுத்த வைகாசி வரை நான் பட்ட பாடு.

குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடை போட்டு வந்தால் நோட்டில் ஏற்றி, கம்ப்யூட்டரில் ஏற்றி, பணம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் நானும் மகளும், வீட்டுக்காரரின் அம்மையான மாமியும். அந்த வருடம் மே மாதம் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தே கிடந்தேன். ஆடியில் முடி கொட்டத் தொடங்கியது. குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையை அடைக்கிற அளவுக்கு. பெரிய காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும், பிறகு தானாகவே வளரும் என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. கடையில் கூட வேலை பார்க்கிற பிள்ளை போனைக் காட்டி, "இதப் போட்டுப் பாருங்கக்கா, மூணு மாசத்துல நல்லா வரும்" என்றாள். பயோட்டின், 10,000 மைக்ரோகிராம், அறுபது மாத்திரை 649 ரூபாய். வைட்டமின்தானே, இதற்கு எதற்கு டாக்டர் என்று நானே முடிவு செய்து, ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு தினம் ஒன்று போட ஆரம்பித்தேன். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் சில பத்து மைக்ரோகிராம்தான், அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். டப்பாவில் இருந்த பூஜ்யங்களை நான் எண்ணவே இல்லை. கணக்கு எழுதுகிறவள்!

செப்டம்பரில் வழக்கமான டெஸ்ட். டி.எஸ்.எச். 0.02 என்று தடித்த எழுத்தில் வந்தது. கீழே ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் இருக்கிற தைராக்ஸின், 3.9; அந்த லேபில் அதன் உச்ச எல்லை 1.7. ஐந்து வருடமாகப் பார்க்கிற டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மருந்து அதிகமாகிவிட்டது, இப்படியே விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தைராக்ஸின் கூடிப்போனால் அப்படித்தான் ஆகும். ஆனால் கை நடுங்குகிறதா, படபடப்பு உண்டா, உறக்கம் வருகிறதா என்று அவரும் கேட்கவில்லை, எனக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று நானும் வாய் திறக்கவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். 100ஐ 50 ஆக்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் முதல் வாரம் மறுபடி ரத்தம். டி.எஸ்.எச். அதே 0.02, டி4 3.4. மருந்தைப் பாதியாக்கியும் அசையவில்லை. அப்படியென்றால் சுரப்பியே தானாகக் கூடுதலாகச் சுரக்கிறது, கிரேவ்ஸ் என்ற வேறு நோயாக மாறிவிட்டது என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நியாயமான சந்தேகம்தான். தைராக்ஸினை அடியோடு நிறுத்தச் சொன்னார். கழுத்து ஸ்கேன், கிரேவ்ஸ் நோயைக் காட்டும் ஆன்டிபாடி டெஸ்ட் இரண்டுக்கும் எழுதினார். ஆன்டிபாடி 3,500 ரூபாய், ரத்தம் வெளியூர் போய் வர ஐந்து நாள். அதுவும் 'பாசிட்டிவ்' என்றே வந்தது. உடனே கார்பிமசோல் தொடங்கினார், சுரப்பியை அடக்கும் மாத்திரை. ஸ்கேன் காகிதத்தில் மட்டும், சுரப்பி இரண்டு பக்கமும் சிறுத்துப்போய், ரத்த ஓட்டம் குறைந்து இருக்கிறது என்று எழுதியிருந்தது. கூடுதலாகச் சுரக்கிற சுரப்பி பொதுவாக வீங்கி, ரத்தம் பாய்ந்து கிடக்கும். அத்தனை காகிதத்தில் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான். அதைத்தான் பைலின் அடியில் வைத்தோம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதத்தை நினைத்தாலே இப்போதும் பயம். ஒரே நாளில் இல்லை, பையப் பையத்தான் உடம்பு இறங்கியது. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் நிறுத்தியது உடனே தெரியாது. மூன்றாவது வாரம் மார்கழிக்கு முன்பே எனக்குக் குளிர் வந்துவிட்டது. பேச்சிப்பாறைப் பக்கக் காற்று என்று நினைத்துக்கொண்டு ஸ்வெட்டர் போட்டேன், மகள் பனியனோடு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். குரல் கட்டியது. போனில் வீட்டுக்காரர், "யாரு, அம்மையா பேசுறது?" என்றார். காலையில் எழுந்தால் கண்ணுக்குக் கீழே பை. மாதவிலக்கு பன்னிரண்டு நாள் நின்றபாடில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் உறங்கிவிடுவேன், இரண்டு தடவை என் நிறுத்தம் தாண்டிப் போய், எதிர்ப் பக்கம் நின்று வேறு பஸ் பிடித்துத் திரும்பினேன். முடி? முன்பு கொட்டியதைவிட இரண்டு மடங்கு. அதற்காக இன்னொரு டப்பா பயோட்டின் வாங்கினேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பும் அழுகையுமாக வருகிறது.

கடையில்தான் ரொம்ப அவமானப்பட்டேன். டிசம்பரில் ஒரு நாள் 184 கிலோ ஷீட்டை 148 என்று ஏற்றி, அந்தக் கணக்குக்கே பணமும் கொடுத்துவிட்டேன். கொண்டுவந்தவர் மறுநாள் துண்டுச்சீட்டோடு வந்து நின்றார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்கடுத்த வாரம் என் நோட்டை இன்னொருவர் சரிபார்க்க ஏற்பாடு செய்தார். பதினோரு வருடம் அந்த நாற்காலியில் இருக்கிறேன். வீட்டில் வேறு விதம். தைராய்டுக்கு ஆகாது என்று மாமி மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, நிறுத்தினார். கிழங்கும் சாளைக் கறியும் இல்லாத சாயங்காலத்தை எங்கள் பக்கத்தில் யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் ஒரு அம்மா, கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்தான் காரணம் என்றார். ராத்திரி மகள் உறங்கிய பிறகு நான் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, புற்றாக இருக்குமோ என்று படுத்திருப்பேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் டிக்கெட் போட்டு வந்துவிடுவார், லீவு போய்விடும்.

ஜனவரி கடைசியில் திருவனந்தபுரம் போனேன். மார்த்தாண்டம், அங்கிருந்து களியக்காவிளை, அப்புறம் கேரளா பஸ். நெய்யாற்றின்கரை தாண்டியது எதுவும் நினைவில்லை, உறக்கம். அங்கே பார்த்தது வயதான ஒரு நாளமில்லாச் சுரப்பி டாக்டர். பைலை நீட்டினேன், வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். கையைப் பிடித்து நாடி எண்ணினார், 54. கட்டிலில் முட்டி போட்டு, பாதம் வெளியே தொங்குகிற மாதிரி நிற்கச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாரில் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளியது சரி, திரும்பி வருவதற்குத்தான் அது சோம்பல்பட்டது. நானே கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், கயிறு அவிழ்வது மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது. இன்னொரு தடவை தட்டினார், அதே கதை. "தைராய்டு கூடின ஆளுக்கு இந்தக் கால் வெட்டித் திரும்பும். இது குறைஞ்ச ஆளோட கால்" என்றார். அப்புறம்தான் பைலைத் திறந்தார். முதலில் ஸ்கேன் காகிதத்தைப் படித்தார். பிறகு பையில் இருக்கிற எல்லா மாத்திரையையும் மேசையில் கொட்டச் சொன்னார். முடி மாத்திரையை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தவர் சிரிக்கவில்லை. "இது எப்போ முதல்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பல லேப் மெஷின்களில் ஹார்மோனைப் பிடித்து அளக்க ஒரு கொக்கி வேண்டும். அந்தக் கொக்கியாக பயோட்டினையும், அது ஒட்டிக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் வைத்திருக்கிறார்கள். நம் ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால், கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, அது முன்கூட்டியே போய் இடத்தைப் பிடித்துவிடும். டி.எஸ்.எச்.சைச் சுமந்து வந்தது உட்கார இடமில்லாமல் கழுவிப் போய்விடும், மெஷின் 'குறைவு' என்று எழுதும். டி4 அளக்கும் முறை தலைகீழ். அங்கே சிக்னல் குறைந்தால் ஹார்மோன் கூடுதல் என்று அர்த்தம், அதனால் 'அதிகம்' என்று எழுதும். எனக்கு எடுத்த ஆன்டிபாடி டெஸ்டும் இந்தத் தலைகீழ் சாதிதான், அதனால்தான் பொய்யாக 'பாசிட்டிவ்' வந்தது. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எல்லா மெஷினும் இந்த முறையில் ஓடுவதில்லை, வேறு முறையில் அளக்கிற லேபில் கொடுத்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். ஆகவே உங்கள் உடம்பு ஒன்று சொல்லி, காகிதம் வேறொன்று சொன்னால், மருந்தை மாற்றுவதற்கு முன்னால் இன்னொரு லேபில் பார்க்கலாமா என்று கேளுங்கள். பயோட்டின் போடுகிறவர்கள் டெஸ்டுக்கு முன் குறைந்தது இரண்டு நாள் நிறுத்த வேண்டும். எனக்கு அவர் ஒரு வாரம் சொன்னார். 'முடி, தோல், நகம்' என்று எழுதின எந்த டப்பாவையும் திருப்பிப் பார்த்து, சின்ன எழுத்தைப் படியுங்கள்.

கார்பிமசோலை அன்றே நிறுத்தினார். ஒரு வாரம் கழித்து எடுத்ததில் டி.எஸ்.எச். 78. 2018இல்கூட அவ்வளவு இல்லை. அதே 100 மைக்ரோகிராம் மறுபடி. மார்ச்சில் 11, மே மாதம் 2.8. இடையில் நான் பொறுமை இல்லாமல் மூன்றாவது வாரமே ரத்தம் கொடுக்கப் போனேன், லேபில் இருந்த பையனே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினான். மருந்து அளவு மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். ஒரு நிலைக்கு வரும், அதற்கு முன் எடுப்பது காசுக்குக் கேடு. காசு என்றதும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட், ஸ்கேன், ஆன்டிபாடி, டாக்டர் பீஸ், பஸ், சம்பளம் போன நாட்கள், மூன்று டப்பா முடி மாத்திரை எல்லாம் சேர்த்து இருபத்து மூவாயிரத்துச் சொச்சம். தைராக்ஸினுக்கு மாதம் எனக்கு ஆகிற செலவோடு ஒப்பிட்டால் வயிறு எரிகிறது.

பழைய டாக்டர் மேல் கோபம் இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் நான் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் சொல்லியிருப்பேன். வைட்டமினை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையே. இப்போது வீட்டில் இருக்கிற எல்லா டப்பாவையும், சத்து மாவு, கஷாயப் பொடி உட்பட, மேசையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன். டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டிவிடுவேன்.

இன்னொரு பயமும் இடையில் வந்து போனது. அடுத்த செப்டம்பர் டெஸ்டில் டி.எஸ்.எச். 2.1, ஆனால் ஃப்ரீ டி4 1.9, எல்லையைத் தாண்டி. பயோட்டினை நிறுத்தி எட்டு மாதம். கை கால் விறைத்துப்போய் திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டேன். "காலையில மாத்திரை போட்டுட்டா ரத்தம் கொடுத்தீங்க?" என்றார். ஆமாம், ஐந்தரைக்குப் போட்டு, எட்டு மணிக்குக் கொடுத்தேன். மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 ஏறித்தான் நிற்குமாம், டி.எஸ்.எச். அப்படி ஆடாது. அதனால் டெஸ்ட் அன்றைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு அப்புறம் மாத்திரை. இன்னொன்றும் சொன்னார். நல்ல சுரப்பி டி4ஓடு, டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனையும் கொஞ்சம் தானே கொடுக்கும். நமக்கு எல்லாமே மாத்திரையில் இருக்கிற டி4இலிருந்துதான் உடம்பு மாற்றி எடுக்க வேண்டும். அதனால் மாத்திரையில் இருப்பவர்களுக்கு டி4 எல்லையின் மேல் பக்கமும், டி3 கொஞ்சம் தாழ்வாகவும் இருப்பது சகஜம். டி.எஸ்.எச். ஒழுங்காக இருந்து, உடம்பும் ஒழுங்காக இருந்தால் அந்த ஒரு எண்ணுக்காக மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை என்றார். காகிதத்தில் தடித்த எழுத்தைப் பார்த்ததும் தானாகப் பாதி மாத்திரை உடைக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதைச் செய்யாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் கதை வேறு, அவர்களுக்குத் தேவை கூடும், தெரிந்த உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மரச்சீனியையும் அந்த போனிலேயே கேட்டுவிட்டேன். "கிழங்கு சுரப்பியோட வேலையைத்தான் கெடுக்கும். உங்க சுரப்பி ஏற்கெனவே லீவுல இருக்கு, அதுகிட்ட போய் என்ன கெடுக்கப் போகுது? நல்லா வேக வெச்சு வெள்ளத்தை வடிச்சுட்டு சாப்பிடுங்க" என்றார். (எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்.) அன்று சாயங்காலமே கிழங்கு வாங்கினேன். உண்மையில் கவனிக்க வேண்டியது கிழங்கை இல்லை, சாயாவையும் சத்து மாத்திரையையும்தான். தைராக்ஸின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாயாவோ காப்பியோ பலகாரமோ. இரும்பு, கால்சியம் மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி. ரத்தப்போக்குக்காக எனக்கு இரும்பு எழுதியிருந்ததால் அதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன். காலையில் முடியாதவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். பாட்டிலை அடுப்படி ஜன்னலில் வைக்க வேண்டாம், வெயிலும் ஈரமும் அதற்கு ஆகாது. கம்பெனியை மாதாமாதம் மாற்றாமல் ஒன்றிலேயே நிற்பது நல்லது.

போன வருடம் மாமிக்கும் தைராய்டு குறைவு என்று வந்துவிட்டது. வயதுக்கும் இதயத்துக்கும் பார்த்து 25இல் தொடங்கினார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். இறங்கவே இல்லை, மருந்தைக் கூட்டலாமா என்ற பேச்சு வந்தது. நான் கூட்டவிடாமல், இரண்டு நாள் காலையில் எழுந்து அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். ஐந்து மணிக்கு மாமி மாத்திரையை நாக்கில் வைத்து, பக்கத்தில் இருந்த கட்டன்சாயாவை எடுத்து மடக்கென்று குடித்தார். "மாமி, வெள்ளத்துல போடச் சொன்னேனே" என்றேன். "சாயாவும் வெள்ளந்தானே மக்களே, ஒரு மடக்குதான்" என்றார். இப்போது தீப்பெட்டி என் அறையில் இருக்கிறது. ஐந்து மணிக்கு மாத்திரையும் ஒரு செம்பு தண்ணீரும் நான் கொடுப்பேன். ஆறு மணி அடித்த பிறகுதான் வீட்டில் சாயா.